எங்கள் பேட்டைக் கரடி

ஒட்டாவாவில் பிப்ரவரி மாதம் உங்களுக்கு யாரை ரொம்பப் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். கரடி வேஷம் கட்டுகிறவர்களைத்தான் சொல்வேன். பனிக்கட்டியில் கழுகும் குதிரையும் செதுக்குகிற சிற்பிகளை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். கால்வாயில் காற்றாய்ச் சறுக்கிப் போகிற எழுபது வயதுத் தாத்தாக்களைக் கண்டு பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் மனசு முழுக்க நிறைவது அந்த வெள்ளை ரோமப் பொதிக்குள் புகுந்துகொண்டு, முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், காசு வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிற மனிதர்களைப் பார்க்கும்போதுதான்.

இந்த ஊரின் பெரிய குளிர்கால விழாவுக்கு விண்டர்லூட் என்று பெயர். 1979-இல் தொடங்கியது. ரிடோ கால்வாய் உறைந்து 7.8 கிலோமீட்டர் நீளச் சறுக்குப் பாதையாவதும், நகரத்துப் பூங்காக்களில் பனிச்சிற்பங்கள் முளைப்பதும், சுடச்சுடப் பொரித்த மாவில் பட்டையும் சர்க்கரையும் தூவிய பீவர்டெயிலுக்கு ஜனங்கள் வரிசை கட்டுவதும் அப்போதுதான். விழாவின் செல்லப்பிள்ளைகள் ஐஸ் ஹாக் குடும்பத்தார். மண்ணில் வளை தோண்டி வாழும் கிரவுண்ட்ஹாக்கின் பனிநாட்டுச் சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினோவில் என் மகள் முதன்முதலாக ஓர் ஐஸ் ஹாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். எனக்கும் இந்தப் பித்து அன்றைக்குப் பிடித்ததுதான்.

பெரிய விழா அது. அதே மாதத்தில் ஒட்டாவாவின் ஒவ்வொரு பேட்டையும் தனக்கென்று ஒரு சின்ன விழா எடுக்கும். குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள்தான் நடத்துவார்கள். இடம், பூங்காவில் உள்ள ஐஸ் ரிங்க். அந்த ரிங்க்கையே பேட்டைக்காரர்கள் ராத்திரி ராத்திரியாகக் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக உறையவைத்து உண்டாக்குகிறார்கள். விழா நாளில் ஒரு மூலையில் குதிரை வண்டி நிற்கும். இன்னொரு மூலையில் கொதிக்கும் மேப்பிள் பாகைச் சுத்தமான பனிமேல் கோடாக ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தருவார்கள். ரிங்க்கை ஒட்டிய சின்னக் கட்டடத்துக்குள் ஹாட் சாக்லேட்டும் சில்லியும் ஆவி பறக்கும். பகல் ஒரு மணி வாக்கில் அந்தக் கட்டடத்தின் பின்கதவு திறக்கும். வெளியே வரும் எங்கள் கரடி.

நான் கரடிக்குக் கைகொடுக்கிறவள். மாஸ்காட், அதாவது விழாவின் சின்னமாக வேஷம் கட்டியவர், போகிற இடமெல்லாம் கூட ஒருவர் போயாக வேண்டும். ஹேண்ட்லர் என்பார்கள். கண்ணாகவும் வாயாகவும் காவலாகவும் இருப்பது அவர் வேலை. பார்ப்பவர்களுக்குக் கரடி மட்டும் தெரியும். எனக்கு உள்ளே இருப்பவர் மூச்சு வாங்குவதும் தெரியும். அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன், இது லேசுப்பட்ட வேலையே இல்லை.

முதலில் அந்த உடுப்பைப் பாருங்கள். தலை, ஸ்பாஞ்ச் கொண்டு உருவாக்கி மேலே ரோமத்துணி போர்த்தியது. உள்ளே பழைய ஹாக்கி ஹெல்மெட் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள், தலை ஆடாமல் உட்காருவதற்காக. கரடியின் கண் வழியாக எதுவும் தெரியாது, அது வெறும் பிளாஸ்டிக். பார்ப்பது வாய் வழியாக. திறந்த வாயில் கறுப்பு வலைத்துணி இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தொண்டையின் இருட்டு போலத் தோன்றும், உள்ளேயிருப்பவருக்கு அதுதான் ஜன்னல். பிடரிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேட்டரி விசிறி. வயிற்றுக்குத் தனியாக ஒரு மெத்தை, தோளில் பட்டையோடு. நாலு விரல் கையுறை. ரெண்டு கைக்குழந்தைகள் உட்காரும் அளவுக்குப் பெரிய பாதங்கள். அந்தப் பாதங்களுக்குள் பனி பூட்ஸ், பூட்ஸுக்கு அடியில் வழுக்காமலிருக்க இரும்புப் பல்.

வெளியே மைனஸ் 15 இருக்கும், காற்றும் சேர்ந்துகொண்டால் மைனஸ் 25 போல அறையும். உள்ளேயிருப்பவர் குளிரில் விறைத்துப் போவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உள்ளே அடுப்பு! ஐந்து நிமிஷம் ஆடினாலே முதுகில் வியர்வை ஓடும். ஆபத்து அதற்கப்புறம் வருவது. வியர்த்த உடம்போடு வெளியில் சும்மா நின்றால் அந்த ஈரமே எதிரியாகிவிடும், நிமிஷத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே பருத்தி பனியன் ஆகாது, அது வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற மெல்லிய செயற்கை இழைச் சட்டைதான் போட வேண்டும். தலைக்கு ஒரு துணி முகமூடி. இருபது நிமிஷம் வெளியே, பிறகு உள்ளே வந்து தலையைக் கழற்றி, ஸ்ட்ராவில் தண்ணீர் குடித்து, காய்ந்த சட்டை மாற்றிக்கொண்டு ஓய்வு. குளிரில் பேட்டரியும் சீக்கிரமே சோர்ந்துபோகும். மாற்று பேட்டரியை நான் என் கோட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பேன். விசிறி நின்றுவிட்டால் மூச்சின் ஆவி வலைத்துணியில் படிந்து, படிந்தது உறைந்து, ஜன்னலே மூடிக்கொள்ளும். அப்போது கரடி என் தோளில் இரண்டு தட்டு தட்டும். உள்ளே கூட்டிப் போ என்று அர்த்தம்.

ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு தட்டுத்தான் கிடைக்கும். மூச்சு இரைக்கிறது எனக்கே கேட்கும், போகலாமா என்பேன், ரோமக் கை என் தோளில் மெல்ல ஒரே ஒரு தட்டு தட்டும். ஏனென்றால் வரிசையில் இன்னும் நாலு பிள்ளைகள் நிற்கின்றன. அந்த ஒற்றைத் தட்டுக்கு நான் அடிமை.

எங்கள் கரடிக்குள் முறைபோட்டுப் புகுகிறவர்களில் ஒருவன் பதினோராம் வகுப்புப் பையன், யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க வேண்டுமானால் 40 மணி நேரம் ஊர்ச்சேவை செய்திருக்க வேண்டும், அதற்காகத்தான் முதலில் வந்தான். மணிக்கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது, வருவதை நிறுத்தவில்லை. உள்ளே எப்படித் தம்பி இருக்கிறது என்று ஒரு இடைவேளையில் கேட்டேன். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "வாய்க்குள்ளாலதானே அன்ரி பாக்கிறது. பெரியாக்களின்ர வயிறு மட்டும்தான் தெரியும். சின்னப் பிள்ளையளின்ர முகம்தான் வடிவா, நேரா தெரியும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த உடுப்பைத் தைத்தவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா, தற்செயலாக அமைந்ததா, தெரியாது. அதற்குள் நுழைந்தவருக்கு உலகத்தில் பிள்ளைகளின் முகம்தான் முதலில் படுகிறது. இதைவிடச் சரியான ஜன்னலை யாரால் செய்ய முடியும்?

இன்னொரு பெரிய வித்தை, பேசாமலிருப்பது. கரடி வாய் திறக்கக் கூடாது. தும்மினாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் எதிரில் தலையைக் கழற்றவே கூடாது, மயக்கம் வந்தாலொழிய. படம் எடுக்கும்போது கரடியின் இரண்டு கைகளும் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது, பாதம் தெரியாமல் கால் இடறினால் என்னாவது? இத்தனை கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டுதான் நடிக்க வேண்டும், அதுவும் அசையாத ஒரு முகத்தை வைத்துக்கொண்டு. ஒரே சிரிப்பு, ஒரே கண். ஆனால் தலையைச் சற்றுக் கீழே சாய்த்தால் கரடி வெட்கப்படுகிறது. ஒரு பக்கமாகத் திருப்பினால் யோசிக்கிறது. அண்ணாந்து வயிற்றில் ரெண்டு கையையும் வைத்துக் குலுங்கினால் விழுந்து விழுந்து சிரிக்கிறது. முகம் அதேதான், மாறியது சாய்மானம் மட்டுமே. கோணம் எல்லாவற்றையும் உள்ளேயிருந்தே கணக்குப்போட வேண்டும், தன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. நல்ல நடிகர்களை நான் பார்த்திருக்கிறேன். தயங்காமல் சொல்கிறேன், எங்கள் பேட்டையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஒரு அம்மாள் அந்தக் கரடித் தலையை வைத்துக்கொண்டு செய்வது நடிப்பின் உச்சம்.

அவர் செய்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. கனடாவுக்கு வந்து அதிக நாள் ஆகாத குடும்பம் என்று பார்த்த உடனே தெரிந்தது. பனி உடுப்பு யாரோ கொடுத்தது, கை நுனி தொங்குகிறது. கரடியைப் பார்த்ததும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அலறியது. அந்த வயதுப் பிள்ளைகள் பாதிப்பேர் அலறத்தான் செய்யும். ரெண்டு ஆள் அகலத்துக்கு வெள்ளையாய் ஒன்று, பல்லைக் காட்டிக்கொண்டு நேரே வந்தால் யார்தான் அலற மாட்டார்கள்? பழக்கமில்லாதவர் கையை விரித்துக்கொண்டு சமாதானம் செய்யப் போவார், அலறல் இன்னும் கூடும். இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். பத்தடி தள்ளிப் போய்ப் பனியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடுப்போடு தரையில் உட்காருவதும் எழுந்திருப்பதும் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், பாதக்கையால் பனியில் ஒரு பெரிய வட்டம் போட்டார். அதற்குள் ஒரு புள்ளி. யோசிக்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். இன்னொரு புள்ளி. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

அழுகை குறைந்தது. குழந்தை அப்பாவின் காலைவிட்டு ஒரு அடி வைத்தது. வட்டத்தைப் பார்த்தது, கரடியைப் பார்த்தது. இன்னும் ரெண்டு அடி. கரடி அசையவில்லை. அந்தக் குளிரில், ஈரச் சட்டையோடு, பனித்தரையில் ஒரு மனுஷி கல்லாய் உட்கார்ந்திருக்கிறாள்! கடைசியில் அந்தக் குழந்தை குனிந்து, கை நுனி தொங்குகிற அந்தக் கையுறை விரலால், வட்டத்துக்குள் ஒரு வளைகோடு இழுத்தது. வாய். சிரிக்கிற வாய். கரடி ரெண்டு கையாலும் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆச்சரியப்பட்டது பாருங்கள், குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. அதன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் துடைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றேன். அந்த அம்மாளை எழுப்ப என்னோடு இன்னும் ரெண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே வந்து தலையைக் கழற்றியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாய் போட்டாளா? எனக்குச் சரியாகத் தெரியவில்லை, வலையில் ஆவி."

இப்படிப்பட்டவர்கள் இந்த நாட்டின் குளிர்கால விழாக்களில் இன்று நேற்று முளைத்தவர்கள் இல்லை. 1988-இல் கால்கரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது மாஸ்காட்டாக ஒரு ஜோடிப் பனிக்கரடிகள், ஹைடி, ஹவுடி. உடன்பிறப்புகள், மேற்குக் கனடாவின் கவ்பாய் கோலம். 1984-இல் சரயேவோ ஒலிம்பிக்கின் நிறைவு விழாவிலேயே ரெண்டையும் உலகத்துக்கு அறிமுகம் செய்துவிட்டார்கள். நடுவில் நாலு வருஷம். பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஊர்வலம் என்று எங்கே கூப்பிட்டாலும் அந்தக் கரடிகள் போக வேண்டும். போனவர்கள் யார்? பிஷப் கேரோல் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள், சுமார் 150 பேர்! பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வயதில் ஒரு நகரத்தின் முகமாக முறைபோட்டு நடமாடியிருக்கிறார்கள். ஒலிம்பிக் சமயத்தில் மலையிலிருந்து சினூக் என்னும் வெப்பக்காற்று வேறு இறங்கியது. பனியே உருகிப் போட்டிகளைத் தள்ளிவைக்கும் நிலை. மைனஸ் 15-லேயே அடுப்பாயிருக்கும் உடுப்பு அந்த வெயிலில் எப்படிக் கொதித்திருக்கும் என்று கரடிக்குக் கைகொடுக்கிற எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒலிம்பிக் முடிந்து எத்தனையோ வருஷங்களுக்கு, 2007 வரை, கால்கரியின் வரவேற்புப் பலகைகளில் அந்த ரெண்டு கரடிகளும் கையாட்டிக்கொண்டிருந்தன. அந்த 150 பேரில் பலருக்கும் இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அவர்களில் ஒருவரைச் சந்திக்கக் கிடைத்தால் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன்.

இந்தப் பித்து முற்றித்தான் கியூபெக் நகரத்துக்குப் புறப்பட்டோம். ஒட்டாவாவிலிருந்து காரில் நாலரை மணி நேரம் ஆகும், பனி கொட்டினால் ஆறும் ஆகலாம். கியூபெக் கார்னிவலைப் பார்க்காமல் குளிர்கால விழா பற்றிப் பேசக் கூடாது என்பேன். 1894-இலேயே அங்கே பெரிய கார்னிவல் நடத்தியிருக்கிறார்கள். நடுவில் விட்டுவிட்டு நடந்ததை 1955-இல் ஒழுங்காக மறுபடி தொடங்கினார்கள். தொடங்கியபோதே கூட வந்தவர் ‘போனோம்’ என்னும் மாஸ்காட். வெள்ளை வெளேரென்ற பனிமனிதர், தலையில் சிவப்புக் குல்லாய், இடுப்பில் அந்தக்காலப் பிரெஞ்சுக் கனடியர்கள் கட்டிய அம்புக்கோலக் கச்சை. விழா தொடங்கும்போது நகர மேயர் ஊரின் சாவியை அவர் கையில் கொடுப்பார். விழா முடியும்வரை ராஜா அவர்தான். அவருக்கென்றே பனிக்கட்டியால் அரண்மனை கட்டுகிறார்கள். ஜனங்கள் குட்டி போனோம் உருவத்தைக் கோட்டில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள், விழாவுக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

இரவு ஊர்வலத்தில் அவர் வந்தார். தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததுமே கூட்டத்தில் ஓர் இரைச்சல். என் பக்கத்தில் நின்ற பாட்டி, எண்பதுக்குக் குறையாது, ஏழு வயதுப் பெண்ணாகிவிட்டார். கையை உயரத் தூக்கி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். போனோமுக்கு என்று ஒரு உதை உண்டு. ஒரு காலைப் பக்கவாட்டில் வீசித் தூக்குவார், அந்தப் பருமனுக்கு அது எப்படித்தான் வருகிறதோ! அதைச் செய்தார், தெருவே சேர்ந்து காலைத் தூக்கியது. எங்கள் கரடி போல ஊமை இல்லை அவர், நன்றாகப் பேசுவார், பிரெஞ்சில் பேட்டியே கொடுப்பார். ஆனால் உள்ளேயிருப்பவர் யார் என்பது மட்டும் ரகசியம். விழாக்காரர்கள் சொல்வதில்லை. ஊர்க்காரர்களைக் கேட்டுப் பார்த்தேன், கேள்வியே புரியாத மாதிரி பார்த்தார்கள். "போனோம்தான் போனோம்" என்றார் ஓட்டல்காரர், முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல். 2010-இல் ஒரு பத்திரிகை, கியூபெக்கின் ஊழலைப் பற்றி எழுதும்போது அட்டையில் போனோம் கையில் பணம் பிதுங்கும் பெட்டியைக் கொடுத்து வரைந்துவிட்டது. விழாக்காரர்கள் கொதித்தெழுந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையை எப்படி அப்படிப் போடலாம் என்கிற கோபம் அது. எனக்கு அந்தக் கோபம் முழுக்கப் புரிகிறது.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊர்த் திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடுகிறவரும் ஒரு கூட்டைச் சுமந்துகொண்டு, வியர்வை வழிய, மணிக்கணக்கில் ஆடுவார். ஆனால் அவர் முகம் வெளியே தெரியும். ராஜா வேஷம், மீசை, பொட்டு, எல்லாம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர் பெயர் சொல்லி அழைத்துத் துண்டு போடுவார். இங்கே கரடிக்குள் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. ஆடி முடித்து, பின்கதவு வழியாகச் சாதாரணக் கோட்டோடு வெளியே வந்து அதே வரிசையில் ஹாட் சாக்லேட்டுக்கு நிற்பார். முன்னால் நிற்கும் குழந்தை திரும்பி, "நான் கரடியைத் தொட்டேன், நீங்கள் பார்த்தீர்களா?" என்று அவரிடமே கேட்கும். அப்படியா, எப்படி இருந்தது என்று அவரும் கேட்பார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வருவதாகச் சொல்கிறார். பல வருஷம் எங்கள் தெருக்களில் தபால் போட்டவர், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தது என்பதுகூட அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது அவர் வாலைப் பிடித்து இழுக்கின்றன.

வால் என்றதும் ஞாபகம் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் கூட்டமாக வந்தால் எனக்கு வேலை அதிகம். பின்னாலிருந்து குத்துவார்கள், தலையைக் கழற்றப் பார்ப்பார்கள். வாய் வழியாகப் பார்க்கிறவருக்குப் பின்னால் வருவது தெரியவே தெரியாது. நான் நடுவில் போய் நின்று, கரடிக்கு முதுகு கூசும், முன்னால் வந்து கைகொடுங்கள் என்பேன். நம்பமாட்டீர்கள், பத்தில் ஒன்பது பையன்கள் உடனே முன்னால் வந்து மரியாதையாகக் கைநீட்டுவார்கள். உள்ளே மனிதர் இருக்கிறார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கரடியிடம்தான் பேசுவார்கள்.

2023 பிப்ரவரியை இந்த ஊர் மறக்காது. அந்தப் பருவம் முழுக்க ரிடோ கால்வாய் சறுக்குவதற்குத் திறக்கவே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் சறுக்குப் பாதை வந்ததிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. பனிக்கட்டி போதிய தடிமன் பிடிக்கவில்லை. எங்கள் பேட்டை ரிங்க்கும் பாதி சேறு. விழாவை நடத்தலாமா வேண்டாமா என்று சங்கத்தில் ஒரே விவாதம். மழை தூறிக்கொண்டிருந்தது. கரடி வராது என்றுதான் நானும் நினைத்தேன், ரோமம் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். தபால்காரர் வந்தார். உடுப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மழைக்கோட்டுக் கடையிலிருந்து மிகப் பெரிய அளவில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டை வாங்கிவந்து கரடிமேல் போர்த்தச் சொன்னார். மஞ்சள் கோட்டுக் கரடி வெளியே வந்தபோது சோர்ந்துபோய் நின்ற மொத்தக் கூட்டமும் கைதட்டியது. சறுக்க முடியாத ரிங்க்கில் சேற்றுக் குட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டிக் காட்டினார். பிள்ளைகளும் அவர் பின்னாலேயே தாண்டின. அந்த வருஷத்து விழாவைப் பற்றி இன்றைக்கும் என் மகள் பேசுவது அந்தக் குட்டை தாண்டலைத்தான்.

விழா முடிந்தபின் இருக்கும் வேலையையும் சொல்லிவிடுகிறேன், அதையும் இவர்களேதான் செய்கிறார்கள். தலைக்குள் கிருமிநாசினி தெளித்துத் துடைத்து, மேஜை விசிறிக்கு முன்னால் வாயைத் திறந்து வைத்துக் காயவைக்க வேண்டும். ரோமத்தைச் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும், மேப்பிள் பாகு ஒட்டிய இடத்தில் வெந்நீர்த் துணி. ஈரத்தோடு கார் டிக்கியில் போட்டுவிட்டால் காலையில் கரடித்தலை பாறாங்கல்லாய் உறைந்து கிடக்கும். அந்த வேலைகளை இரவு பத்து மணிவரை பாட்டுப் போட்டுக்கொண்டு செய்வார்கள். யாழ்ப்பாணத்துத் தம்பி ரோமம் சீவுவதில் கெட்டிக்காரன், தங்கைமாருக்குத் தலை சீவிப் பழகிய கை என்பார் அவன் அம்மா.

எங்கள் பேட்டையில் ஜனவரி தொடக்கத்தில், ரிங்க் பக்கத்துக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில், கரடிக்கு ஆள் தேவை என்று சங்கத்தார் ஒட்டுவார்கள். உங்கள் பேட்டையிலும் ஏதாவது ஒரு பலகையில் இப்படி ஒன்று ஒட்டியிருக்கும், போய்ப் பாருங்கள். அனுபவம் வேண்டாம், ஆங்கிலமோ பிரெஞ்சோ வேண்டாம், பேசவே போவதில்லையே. உயரம் ஐந்தடிக்கு மேல், ஆறடிக்குள் இருந்தால் எங்கள் உடுப்பு பொருந்தும். மூச்சுத் தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் உள்ளே போக வேண்டாம், என்னோடு கைகொடுக்க வாருங்கள். மற்றவர்கள் அவசியம் வாருங்கள். பருத்தி கலக்காத பனியன் ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சூடான பேட்டரி என் பையில் இருக்கும்.